உயிரோடிருந்தவருக்கு ஊதிய பியூகிள்

போன வாரம் பெசன்ட் நகரிலிருந்து ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். நல்ல மனிதர், பேச்சில் மரியாதை வழிந்தது. போரில் இறந்த வீரர்களின் நினைவாகக் கடற்கரைப் பக்கம் மலர்வளையம் வைக்கிறார்களாம், நான் வரவேண்டுமாம். சந்தோஷமாகச் சரி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம் அவர்.

"சார், நீங்க சிரமப்பட்டு ஊதவேண்டாம். அந்த ட்யூனை போன்ல இறக்கி வெச்சுட்டோம். ஸ்பீக்கர்ல ஓடும். நீங்க யூனிஃபார்ம்ல வந்து பியூகிளை வாயில வெச்சுக்கிட்டு நின்னா போதும்."

"அதுக்கு நான் எதுக்கு சார்? தி. நகர்ல ஏதாவது துணிக்கடையில ஒரு பொம்மையைக் கேட்டு வாங்கி நிக்க வெச்சிடுங்க. சட்டை கசங்காம நிக்கும்" என்றேன்.

ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து, "அறுபத்துநாலு வயசுல மூக்கு மேல என்ன இவ்வளவு கோவம்?" என்றாள். கோபம் ஆற இரண்டு நாள் ஆனது. ஆறியபிறகு சிரிப்புதான் வந்தது. ஸ்பீக்கர் ஊதினால் தப்பே வராது, உண்மைதான். ஆனால் என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு இல்லாமல் போயிருந்தால், மிகப் பெரிய சந்தோஷமும் எனக்குக் கிடைத்திருக்காது. அதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் தேவராஜ். ஈக்காட்டுத்தாங்கல்காரன். அப்பா அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நான் பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்து, இருபத்துநான்கு வருஷம் பியூகிள் ஊதினேன். ஓய்வு பெற்று வந்தபின் தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்ட் மாஸ்டர் வேலை. அதிலிருந்தும் போன வருஷம் ஓய்வு. ஆக, நாற்பது வருஷத்துக்கு மேல் மூச்சை விற்றே பிழைத்தவன் நான்.

பியூகிளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பித்தளையில் வளைத்த குழாய், அவ்வளவுதான். நாதஸ்வரம்போல் ஓட்டை கிடையாது, அழுத்தக் கட்டை கிடையாது. வருவதே ஐந்தாறு சுரம். எல்லாம் உதட்டிலும் வயிற்றிலும் இருக்கிறது. பயிற்சியில் ஆறு மாதம் உதடு வீங்கி, சாப்பாட்டில் மிளகாயைக் கண்டாலே அழுதேன். அந்தக் கதை எல்லாப் பியூகிள்காரனுக்கும் ஒன்றுதான், அதை விட்டுவிடுகிறேன்.

இந்தக் கதைக்கு வேண்டியது இரண்டு ஊது. ஒன்று லாஸ்ட் போஸ்ட். அந்தக் காலத்தில் முகாமைச் சுற்றிக் காவல் எல்லாம் சரிபார்த்து முடித்தபின், நாள் முடிந்தது என்று ராத்திரியில் ஊதுவது. பின்னால் அதுவே இறந்த வீரனுக்கு ஊதுவது என்றாகிவிட்டது. உன் காவல் முடிந்தது, போய்ப் படு என்று அர்த்தம். அதற்குப்பின் இரண்டு நிமிஷம் மௌனம். பிறகு ரௌஸ் என்று ஒன்று. அது காலையில் முகாமை எழுப்புகிற ஊது, துள்ளலாக இருக்கும். முதலாவதை ஊதினால் இரண்டாவதையும் ஊதியே ஆகவேண்டும். படுக்கவைத்துவிட்டு எழுப்பாமல் போகக்கூடாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பேண்ட் சுபேதார் குரியன். கோட்டயத்துக்காரர். அவர் ஒருநாளும் கத்தியதில்லை. தப்பாக ஊதினால் பக்கத்தில் வந்து நின்று, பையிலிருந்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டுவார். துடை என்று அர்த்தம். வாயையா, பியூகிளையா, அவமானத்தையா என்று சொல்லமாட்டார். மூன்றையும் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதவேண்டும். ஒரு வருஷத்தில் அவருடைய பதினோரு கைக்குட்டைகள் என் பெட்டியில் சேர்ந்திருந்தன.

வடக்கே பனிமலை முகாம் ஒன்றில் நான் முதன்முதலாக லாஸ்ட் போஸ்ட் ஊதப்போன நாள். கொடி போர்த்திய பெட்டி, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்கிற ஜவான்கள், அதிகாரிகள், எல்லாரும் தயார். குளிரில் பியூகிளின் வாய் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். குரியன் சாப் அருகில் வந்து மெதுவாக, "யாருக்கு?" என்றார்.

"ஒரு சிப்பாய்க்கு, சாப்."

கைக்குட்டை வந்தது. "பெயர் கேட்டுக்கொண்டு வா."

எல்லாரும் காத்திருக்க, பனியில் வழுக்கிக்கொண்டு கிளார்க் கூடாரத்துக்கு ஓடினேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "சிப்பாய் மாரிமுத்து, சாப்" என்றேன்.

"ஊர்?"

"ஒட்டன்சத்திரம், சாப்."

"இப்போது ஊது."

அன்றிலிருந்து அது எனக்குப் பழக்கம். பியூகிளை உதட்டுக்குக் கொண்டுபோகும் முன் ஒருமுறை உள்ளே கேட்டுக்கொள்வேன், யாருக்கு என்று. பெயர் தெரியாமல் கை எழாது. மெட்ராஸ் வந்தபிறகும் அப்படித்தான். இங்கே குளிருக்குப் பதில் வெயில். பித்தளை கொதித்து உதடு வெந்துவிடும் என்பதால் ஈரத்துணியில் சுற்றி வைப்பேன். நான் ஊதும்போது கூடவே ஊளையிட்ட அடையாற்று நாயையும், என் தொப்பியை ஒரு மரமாகவே மதித்த மயிலாப்பூர் காக்கையையும் சமாளித்தவன் நான். அவற்றுக்கெல்லாம் நடுவிலும் பெயரைக் கேட்காமல் ஊதியதில்லை. ஒரே ஒருமுறை தவிர.

ஏழு வருஷத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த ஒரு திடலில் விழா. இப்போது போன் செய்தவர்கள் அல்ல, அவர்கள் வேறு. இறந்த வீரர்களுக்கு அஞ்சலி, பிறகு நம் பகுதியில் இருக்கிற முன்னாள் ராணுவத்தினர் ஏழு பேருக்கு மாலை மரியாதை என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால், கடல் பக்கம், ஒட்டுப்பலகையில் ஒரு நினைவுத் தூண் செய்து நிறுத்தியிருந்தார்கள். என் இடம் அந்தத் தூணருகே. நடுவில் பெரிய படுதா இருந்ததால் மேடையில் நடப்பது எனக்குத் தெரியாது. அமைப்பாளர் விஸ்வநாதன் படுதா ஓரமாக வந்து வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்துவார், நான் உடனே ஊதவேண்டும், பிறகு எல்லாரும் தூணுக்கு வந்து மலர்வளையம் வைப்பார்கள். அதுதான் ஏற்பாடு.

அஞ்சலிக்குரிய வீரர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டிருந்தேன். "டைப் ஆயிட்டிருக்கு சார், கையில வந்துடும்" என்றார்கள். வரவில்லை.

வராதது பட்டியல் மட்டுமல்ல, சிறப்பு விருந்தினரும் வரவில்லை. அவர் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, பின்னால் நடக்கவேண்டிய மாலை மரியாதையை முன்னால் தொடங்கிவிட்டார்கள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மேடையில் முதலில் அழைக்கப்பட்டவர் ஹவில்தார் கோதண்டம். எழுபத்தொன்று யுத்தத்தில் போரிட்டவர், மந்தைவெளிக்காரர். அவருடைய மனைவி சரோஜாம்மாவுக்கு மயிலாப்பூர்க் குளக்கரையில் பூக்கடை. அன்றைய விழாவின் மாலைகள் எல்லாம் அவர் கட்டியவைதான். ரோஜாவும் சம்பங்கியும் வைத்து, கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டுவதுபோல் கட்டியிருந்தார். புருஷனுக்கு மாலை விழுவதைப் பார்க்க முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மாலை விழுந்தது. அடுத்த மாலையை எடுத்துவரும் ஆளைக் காணாமல், விஸ்வநாதன் படுதா ஓரத்துக்கு வந்து கையை உயர்த்தி அவனைக் கூப்பிட்டார். அந்தக் கையில் வெள்ளைக் கைக்குட்டை இருந்தது.

நான் பார்த்துவிட்டேன். ஈரத்துணியைப் பிரித்தேன். உள்ளே வழக்கமான கேள்வி வந்தது. யாருக்கு? பட்டியல் இல்லை. எல்லாருக்கும்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குரியன் சாப் இருந்திருந்தால் அந்தப் பதிலுக்கே ஒரு கைக்குட்டை கொடுத்திருப்பார். இரண்டு அடி முன்னால் வைத்து, கடலைப் பார்த்து, கண்ணை மூடி, லாஸ்ட் போஸ்ட்டைத் தொடங்கினேன்.

மேடையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு பலர் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எந்தப் பட்டாளத்துக்காரனும் விறைப்பாக நின்றுவிடுவான். கோதண்டம் ஐயாவும் நின்றார். கழுத்தில் மாலை. கைகள் உடம்போடு ஒட்டி. கண் மூடி. அசைவே இல்லை. பக்கத்தில் குத்துவிளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. படுக்கவைக்காததுதான் குறை.

"ஐயோ! நிறுத்துய்யா! யாருய்யா அவன், நிறுத்துய்யா!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. எனக்கும் கேட்டது. ஆனால் லாஸ்ட் போஸ்ட்டைத் தொடங்கினால் பாதியில் நிறுத்தக்கூடாது, குண்டு விழுந்தாலும் முடித்துவிட்டுத்தான் விழவேண்டும் என்று பழக்கப்பட்டவன் நான். முழுசாக ஊதினேன். கடைசிச் சுரத்தை நீளமாக இழுத்து, அழகாக இறக்கி வைத்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே சரோஜாம்மா. படுதாவைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னாய்யா மனுசன் நீ? உசுரோட கீற ஆளுக்கு சங்கு ஊதிட்டியே! மாலைய போட்டு நிக்க வெச்சு ஊதிட்டியே பாவி!"

என் காலுக்குக் கீழே மணல் நழுவியது. இரண்டு நிமிஷ மௌனமாவது, ரௌஸாவது. பியூகிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல், வேளாங்கண்ணி கோயில் வரை வேகமாக நடந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நாற்பது வருஷத் தொழிலில் நான் ஓடியது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். விஸ்வநாதனிடம் நம்பர் வாங்கியிருந்தார் சரோஜாம்மா. "அவுரு தலை சுத்தி வுழுந்துட்டாரு. ஆஸ்பத்திரில கீறோம். சந்தோசமா ஒனக்கு?" என்றார். சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான். இருந்தாலும் அந்த நிமிஷம், அந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் இனி பியூகிளைத் தொடமாட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கட்டிலில் டிரிப் ஏறிக்கொண்டிருக்க, கோதண்டம் ஐயா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பயந்துகொண்டு வந்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது. சர்க்கரை ஏறியிருக்கிறது, விழாவில் கொடுத்த ஜாங்கிரியை டப்பாவோடு காலி செய்திருக்கிறார், வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரோஜாம்மா நம்பத் தயாராக இல்லை.

"ஜாங்கிரி அம்பது வருசமா துன்றாரு. சங்கு நேத்துதானே ஊதுனாங்க?"

நான் கட்டிலருகே போய், "மன்னிச்சிருங்க ஹவில்தார் சாப்" என்றேன்.

"இன்னாத்துக்கு தம்பி? நான் எத்தினி பேருக்கு நின்னுக்கினு கேட்டிருக்கேன் தெரியுமா? எனக்கு எப்படி ஊதுவாங்கன்னு தெரியாமலே பூடுவேன்னு நெனச்சேன். கேட்டுட்டேன். எந்தப் பட்டாளத்துக்காரனுக்குக் கெடைக்கும் இது? நல்லாத்தான் ஊதுன. நடுவுல ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் இழுத்துட்ட."

உண்மை. இழுத்திருந்தேன்.

"அத்த வுடுய்யா நீ" என்று புருஷனை அதட்டிவிட்டு சரோஜாம்மா என் பக்கம் திரும்பினார். "ஊதுனத எப்படி மாத்துறது? அத்த சொல்லு."

"மாத்தத் தேவல சரோசா" என்றார் கோதண்டம் ஐயா. "பாதிதான் ஆயிருக்கு. இது ஊதுனப்பறம் ரெண்டு நிமிசம் சும்மா நிப்பாங்க. அப்பால எழுப்புற ஊது ஒண்ணு கீது. இவன் அத்த ஊதவே இல்ல. நீ கத்துன கத்துல ஓடிட்டான்."

"அப்ப நீ இன்னும் எழுந்துக்கவே இல்லியா?"

"கணக்குப்படி பாத்தா அப்படித்தான்."

அவர் கிண்டலுக்குச் சொன்னார். சரோஜாம்மா கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும், சொல்லப்போனால், சுருக்கென்றது. படுக்கவைத்துவிட்டு எழுப்பாமல் வந்துவிட்டேன் என்பது உண்மைதானே.

"வீட்டுக்கு வந்ததும் சொல்லுங்கம்மா, வந்து ஊதிடறேன்" என்றேன்.

"ஒரு வாட்டி ஊதுனா ஆச்சா? பரிகாரம்னா ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள். டான்னு காலீல ஆறு மணிக்கு எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கணும். ஒரு நாள் தவறிச்சு, மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்."

குரியன் சாப் கொடுத்த தண்டனை எதுவும் இதற்கு ஈடாகாது. ஆனால் தலையாட்டினேன். அந்த அம்மாவின் கண்ணில் இருந்த பயத்துக்கு முன்னால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

இப்படியாக, மந்தைவெளியில் கார் நுழையாத ஒரு சந்தில், என் மறுபிறவி தொடங்கியது. காலை ஐந்தேகாலுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஸ்கூட்டரை உதைப்பேன். ஆறு மணிக்கு அவர்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மின்கம்பத்தின் அருகில் நிற்பேன். மாடி பால்கனியில், லுங்கியும் பட்டாளத்துத் தொப்பியுமாகக் கோதண்டம் ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ரௌஸ் ஊதுவேன். முடிந்ததும் அவர் சல்யூட் அடிப்பார். நான் திருப்பி அடிப்பேன். சரோஜாம்மா மேலிருந்து, "டீ குட்சிட்டுப் போ" என்பார். குடித்துவிட்டு தி. நகர் பள்ளிக்குப் போய்விடுவேன்.

முதல் நாள் நாலு வீட்டில் ஜன்னல் திறந்தது, நாலிலும் திட்டு. மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாமி, கோலமாவுக் கிண்ணத்தோடு வந்து, "ஆத்துல எல்லாரும் தூங்கிண்டிருக்கா, கொஞ்சம் மெதுவா ஊதப்படாதா?" என்றார். பியூகிளில் மெதுவாக ஊதுகிற வசதி கிடையாது மாமி என்றேன். இரண்டாவது வாரத்தில் பேச்சு மாறியது. பிள்ளைகள் எழுந்து படிக்கிறார்கள், பால் பாக்கெட் போடுகிறவர் நேரம் தவறுவதில்லை, தண்ணீர் மோட்டாரை மறக்காமல் போடுகிறார்கள் என்று. ஒருநாள் அடையாற்றுப் பாலத்தில் டயர் பஞ்சராகிப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தேன். சந்து முழுக்கப் பால்கனியில் நின்று என்னை முறைத்தது. ஒருவர் கையில் பல் விளக்குகிற பிரஷ். "என்ன சார், ஆஃபீஸுக்கு லேட் ஆக்கிட்டீங்களே" என்றார்.

கீழ்வீட்டு இளைஞர் ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மிகப் பணிவாகக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை மட்டும் ஏழு மணின்னு வெச்சுக்கலாமா ஆன்ட்டி?"

"எமன் ஞாயித்துக்கெழமைக்கு லீவு வுடுவானா நைனா?" என்றார் சரோஜாம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, டீ குடிக்கும்போது கோதண்டம் ஐயா தானாகவே பேச ஆரம்பித்தார்.

"எங்க செக்‌ஷன்ல செல்வராஜுன்னு ஒருத்தன் தம்பி. வேலூர்ப் பக்கம். எனக்குப் பக்கத்துலதான் வுழுந்தான். அந்த எடத்துல பியூகிள் ஊத ஆள் இல்ல. தலைய குனிஞ்சுக்கினு கொஞ்ச நேரம் நின்னோம். அப்பால முன்னால போயிட்டோம். அது மனசுல அப்படியே நின்னுபோச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு மேடைல நீ ஊதுனப்ப, எனக்கு ஊதுறன்னு தோணவே இல்ல. செல்வராஜுக்குன்னுதான் நின்னேன். மாலை மட்டும்தான் எனுது."

யாருக்கு என்ற கேள்விக்கு எனக்குப் பத்து நாள் கழித்துப் பதில் கிடைத்தது. சிப்பாய் செல்வராஜ், வேலூர்ப் பக்கம். குரியன் சாப் அப்போதே காலமாகியிருந்தார். இருந்தாலும் மனசுக்குள் அவரிடம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை பியூகிளை எடுக்கும்போது இரண்டு பெயர் சொன்னேன். ஒருவரைப் படுக்கவைத்ததற்கு, ஒருவரை எழுப்புவதற்கு. அன்றைக்கு ஊதியதுபோல் நான் எந்த அணிவகுப்பிலும் ஊதியதில்லை. மாமிகூட "இன்னிக்கு பேஷா இருந்தது" என்றார்.

முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர், இருபதாம் நாள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பதாம் நாள் கம்பியை விட்டுவிட்டு நின்றார். நாற்பத்தெட்டாம் நாள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கிச் சந்துக்கே வந்துவிட்டார். ரௌஸ் முடிந்ததும் சந்து முழுக்கக் கைதட்டல். சரோஜாம்மா ஒரு பெரிய குண்டானில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்தார். என் பியூகிளுக்கு ஒரு சின்ன மாலை, மல்லியும் மரிக்கொழுந்தும். கட்டிவிட்டு என் கன்னத்தைத் தடவி நெற்றிப்பொட்டில் சொடுக்கு முறித்தார். சர்க்கரை வியாதிக்காரர் யாருக்கும் தெரியாமல் இரண்டாவது கரண்டி வாங்கியதை நான் பார்த்தேன். காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப்பின் வருஷம் தவறாமல் அந்த விழா நாளன்று காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். "ஊது" என்பார். ஈக்காட்டுத்தாங்கல் மொட்டைமாடியில் நின்று, போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு ஊதுவேன். அவருடைய சல்யூட் கண்ணுக்குத் தெரியாது. நானாகவே திருப்பி அடித்துக்கொள்வேன்.

இந்த வருஷம் பங்குனியில் கோதண்டம் ஐயா காலமானார். எண்பதைத் தொட இரண்டு மாசம் இருந்தது. தூக்கத்திலேயே, ஒரு சத்தமும் இல்லாமல். சாயங்காலம் எடுப்பதாகச் சொன்னார்கள். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் போனோம். எல்லாரும் கிழவர்கள். தலைகீழாகப் பிடிக்கத் துப்பாக்கி கிடையாது, வெறுங்கையோடு தலையைக் குனிந்து நின்றோம். கொடி போர்த்தினோம், மலர்வளையம் வைத்தோம். அவர் கழுத்தில் சரோஜாம்மா கட்டிய மாலை இருந்தது. ரோஜாவும் சம்பங்கியும், அதே கல்யாண மாலை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்கம்பத்தருகே போய் நின்றேன். ஈரத்துணியைப் பிரித்தேன். யாருக்கு? ஹவில்தார் கோதண்டம், மந்தைவெளி. இந்தமுறை பெயர் தெரிந்திருந்தது. பியூகிளை உயர்த்தினேன்.

"தம்பி, இரு" என்றார் சரோஜாம்மா.

இறக்கினேன்.

"அத்த ஊதப்போறியா? அது அவருக்கு ஒரு வாட்டி ஊதியாச்சு. நின்னுக்கினு கேட்டுட்டாரு, நல்லா கீதுன்னும் சொல்லிட்டாரு. மறுபடி எதுக்கு? காலீல வந்து ஊதுவியே, அத்த ஊது."

இறந்தவருக்கு லாஸ்ட் போஸ்ட் ஊதாமல் ரௌஸ் மட்டும் ஊதுவது கிடையாது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. சங்கத்துக் கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குரியன் சாப்பின் கைக்குட்டை நினைவுக்கு வந்தது. அதை வாங்கிக்கொள்ளலாம், பரவாயில்லை என்று தோன்றியது. ரௌஸ் ஊதினேன். துள்ளிக்கொண்டு போகிற அந்தச் சத்தம் சாயங்கால வெயிலில் சந்து முழுக்கப் போய்த் திரும்பியது. பழக்கதோஷத்தில் வீடுவீடாகக் கதவு திறந்தது. மாமி பால்கனிக்கு வந்தார். அந்தக் கம்ப்யூட்டர் இளைஞர் இப்போது ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நானும் அப்படித்தான்.

ஊதி முடித்ததும் கையைத் தூக்கிச் சல்யூட் அடித்தேன். திரும்பி வரும் என்று பழகிய கை, இறங்காமல் அப்படியே நின்றது. சரோஜாம்மா குனிந்து புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பிறகு அந்த அம்மா மாலையை ஒருமுறை சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாப்பத்தெட்டு நாளும் எழுந்தாரே நைனா" என்றார். "இன்னிக்கு ஒரு நாள் தூங்கட்டும்."